'டக்' சத்தம் வராத ஏழாவது நட்டு

கல்லாறு தாண்டி இரண்டாவது வளைவு ஏறும்போதே வண்டி இழுக்கவில்லை. அப்பாவின் 1967 அம்பாசடர், மார்க் 2. நானே ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடி) கழற்றி, வால்வுகளைத் தேய்த்து, புது ஹெட் கேஸ்கெட் (மூடிக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு) போட்டு, நானே திரும்ப மாட்டி சரியாக மூன்று வாரம் ஆகியிருந்தது. குன்னூர் போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்று அப்பாவைப் பெருமையாக உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். பர்லியாறு வருவதற்குள் செகண்ட் கியரிலும் மூச்சு வாங்கியது, எக்ஸாஸ்டில் ஒரு மாதிரி 'புஸ் புஸ்' என்று சத்தம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பிக் கோயம்புத்தூர் வரும்வரை ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

மறுநாள் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்த்தேன். 1, 4 இரண்டும் 125 பிஎஸ்ஐ பக்கம் காட்டின. நடுவில் இருக்கும் 2, 3 இரண்டும் 60ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கும். ஒன்றின் அழுத்தம் அடுத்ததில் போய்க் கொட்டுகிறது.

ஹெட்டை உடனே கழற்றாமல் ஒரு நல்ல காரியம் செய்தேன். நண்பன் ஒருவனிடம் பழைய முள் வகை டார்க் ரெஞ்ச் (நட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தது, நீளக் கம்பி வளைய வளைய ஒரு முள் அளவுகோலில் நகருமே, அது. ஒவ்வொரு நட்டிலும் அதை மாட்டி, இறுக்கும் பக்கமே மெதுவாக இழுத்து, நட்டு எந்த அளவில் அசைய ஆரம்பிக்கிறது என்று பார்த்தேன். துல்லியமான சோதனை இல்லை என்றாலும் நிலவரம் புரிந்தது. முன்பக்கம், ரேடியேட்டர் அருகே இருந்த நட்டுகள் 65 பவுண்டு அடிக்கு (முறுக்கை அளக்கும் பழைய அலகு) மேல் போயும் அசையவில்லை. பின்னால் டேஷ்போர்டுச் சுவரை ஒட்டி இருந்தவை 30லேயே நகர்ந்தன. நடுவில் இருந்தவை ஆளுக்கொரு அளவு.

நான் எல்லாவற்றையும் ஒரே ராட்செட்டால், ஒரே பலத்தில் இறுக்கியதாகத்தான் சத்தியம் செய்திருப்பேன். ஆனால் முன்பக்கம் நின்றுகொண்டு உடம்பு எடையையும் சேர்த்து இழுத்திருக்கிறேன். பின்பக்கம் எட்டி, மட்கார்டு மேல் வயிறு அழுந்த, மணிக்கட்டால் மட்டும் இழுத்திருக்கிறேன். கைக்கு இரண்டுமே 'நல்லா டைட்' என்றுதான் தெரிந்தது. கைப்பதம் என்று நாம் சொல்வது பாதி கையில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது. நாற்பது வருடம் இதே வண்டியைப் பிரித்து மாட்டியவருக்கு இந்த வித்தியாசம் உடம்பிலேயே பழகியிருக்கும், அவர் பின்பக்கம் தானாகவே கூடக் கொஞ்சம் இழுப்பார். வருடத்துக்கு ஒரு தடவை ஹெட் திறக்கிற என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக்கு அது வராது.

இந்த எஞ்சினைப் பற்றி இரண்டு வரி. அம்பாசடரின் உடம்பு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. பழைய 1489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ், எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் ஓடிய அதே குடும்பம். அதனால் உத்தரபாராவில் செய்த வண்டிக்கு இங்கிலாந்துக்காரர்களின் பழைய ஒர்க்‌ஷாப் மேனுவலும் உதவுகிறது. ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு. ஹெட்டைப் பிடித்திருப்பது 11 ஸ்டட் (பிளாக்கில் நிற்கும், தலையில்லாத மரை ஆணி), 3/8 அங்குலம், நட்டுக்கு 9/16 சாக்கெட். 14 எம்எம் உள்ளே போகாது, 15 எம்எம் போட்டால் ஆடும், நட்டின் மூலையைத் தின்றுவிடும். ஹெட் நட்டுக்கு மேனுவல் சொல்வது 50 பவுண்டு அடி. (விண்டேஜ் என்றால் 1930 வரை வந்ததுதான் என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். 2021ல் வந்த நம் மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியே விண்டேஜ்தான், எனக்கு அது போதும்.)

சரி, டார்க் ரெஞ்ச் வாங்கினேன். அரை அங்குல டிரைவ், வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும் வகை, 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. வாங்கிய கையோடு முதல் தப்பு. ஹெட்டைக் கழற்றிப் புது கேஸ்கெட் வைத்து மூடினேன். மேனுவலில் 50, ரெஞ்சிலும் 50 வைத்தேன். 11 நட்டும் 'டக் டக்' என்று அழகாகச் சத்தம் கொடுத்தன. கை கழுவப் போகும்போதுதான் ரெஞ்சின் கழுத்தில் பார்த்தேன், அது நியூட்டன் மீட்டர் அளவுகோல், பவுண்டு அடி மறுபக்கம் இருக்கிறது. 50 நியூட்டன் மீட்டர் என்பது 37 பவுண்டு அடிதான். 50 பவுண்டு அடிக்கு 68 நியூட்டன் மீட்டர் வைக்க வேண்டும், பழைய புத்தகங்களில் வரும் கிலோகிராம்-மீட்டர் கணக்கில் 6.9. இப்போது ரெஞ்ச் பெட்டியின் மூடிக்குள் 'ஹெட் 50 = 68, ராக்கர் 25 = 34, மெயின் பேரிங் 70 = 95' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சிரிப்பு வரலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு எமர்ஜென்ஸி லைட் வெளிச்சத்தில் இறுக்கும்போது மனக்கணக்கு போடாதீர்கள்.

அந்தத் தப்பு உடனே தெரிந்ததால் பிழைத்தேன். 68க்கு மாற்றி மறுபடி ஆரம்பித்தேன். நடுவிலிருந்து வெளியே சுருள் மாதிரி போகிற வரிசை, மேனுவலில் படமே இருக்கிறது. ஆறு நட்டு வரைக்கும் கால் சுற்றுக்குள் 'டக்' வந்தது. ஏழாவது நட்டு கால் சுற்று போனது, சத்தம் இல்லை. அரைச் சுற்று போனது, சத்தம் இல்லை. ரெஞ்ச் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கையில் என்னவோ வெண்ணெய் மாதிரி இளகியது, அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் சத்தத்துக்காகக் காத்திருந்து இழுத்தேன். அப்புறம் நட்டு சும்மா சுற்ற ஆரம்பித்தது.

பிளாக்கில் மரை போய்விட்டது. ஸ்டட் மேலே எழும்பி வந்து நின்றது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஒரு காலத்தில் பழைய வண்டி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர், இப்போது மாலையில் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார். வந்து பார்த்தார். ரெஞ்சைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏன் கண்ணு, இது கத்துற வரைக்கும் இழுக்கணும்னு யாரு சொன்னா?" என்றார்.

"அதுக்குத்தானுங்கண்ணா இதை வாங்கினதே."

"நட்டு எவ்ளோ கஷ்டப்பட்டுத் திரும்புதுன்னுதான் அதுக்குத் தெரியும். கீழ புடிச்சிருக்கா இல்லையான்னு அதுக்கெப்படிக் கண்ணு தெரியும்?"

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் இது முழுசாக உறைத்தது. நமக்கு வேண்டியது ஹெட்டை அமுக்கிப் பிடிக்கும் விசை. ஸ்டட் ஒரு கெட்டியான ஸ்பிரிங் மாதிரி லேசாக நீண்டு அந்த விசையைத் தருகிறது. ஆனால் ரெஞ்ச் அதை அளப்பதில்லை, திருப்பத் தேவைப்படும் முறுக்கைத்தான் அளக்கிறது. அந்த முறுக்கில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிப்பக்கம் வாஷரில் உரசுவதிலேயே போய்விடுகிறது, இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் உரசுவதில் போகிறது. மீதி ஏதோ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. அதனால் மரையில் துரு இருந்தால் ரெஞ்ச் சீக்கிரமே 'டக்' சொல்லும், ஹெட் அமுங்கியிருக்காது. மரை இளகிக்கொண்டே வந்தால் முறுக்கு ஏறவே ஏறாது, 'டக்' வரவே வராது. எனக்கு நடந்தது அதுதான். மற்ற நட்டுகள் எவ்வளவு சுற்றினவோ அதைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுற்றினால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். ரெஞ்ச் ஓட ஆரம்பித்தபின் எத்தனை சுற்று என்று நானும் இப்போது நட்டு மேல் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுகிறேன்.

மறுபடி ஹெட்டைக் கழற்றினேன். இன்னொரு கேஸ்கெட் காசு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லேத்தில் பிளாக்கில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் வைக்கும் கம்பிச் சுருள் மரை) போட்டுத் தந்தார்கள். எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலேயே செய்யலாம், ஆனால் துளை நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். கையில் டிரில் மெஷினைப் பிடித்துக் குத்துமதிப்பாகப் போட்டால் ஸ்டட் சாய்ந்து நிற்கும், ஹெட் இறங்கவே இறங்காது. லேத்காரர் ஹெட்டின் துளைகளுக்கேற்பத் துளையிட்ட தடிப் பட்டை ஒன்றைப் பிளாக் மேல் வைத்து, அதன் வழியாகத்தான் டிரில்லை விட்டார். உலோகத்தூள் விழாமல் சிலிண்டர்களிலும் தண்ணீர், ஆயில் துளைகளிலும் துணி அடைத்து, டிரில் நுனியில் கிரீஸ் பூசிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் இன்னொன்றைக் காட்டினார், மொத்தக் கதையில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இதுதான். மற்ற பத்து ஸ்டட்டில் மூன்றின் அடியில், பிளாக்கின் மேல்தளம் ஒரு சின்ன எரிமலை வாய் மாதிரி மேலே உப்பியிருந்தது. வருடக்கணக்காக ஒவ்வொருத்தரும் இறுக்கி இறுக்கி மேல் மரை இரும்பையே இழுத்துத் தூக்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டும். ஸ்டட்டை எடுக்காமல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (சமம் பார்க்கும் நேர்பட்டை) வைத்தால் அது தெரியவே தெரியாது. அந்த மேட்டின் மேல்தான் கேஸ்கெட் உட்கார்ந்திருந்தது. அதாவது நட்டு 50 காட்டினாலும் அந்த 50 மேட்டில் போய் நின்றிருக்கும், சிலிண்டர் ஓரத்துக்கு வந்திருக்காது. ஸ்டட் எல்லாவற்றையும் எடுத்து (இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்று பூட்டி, கீழ் நட்டைத் திருப்பினால் ஸ்டட் கழன்று வரும், வராததற்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி பொறுத்திருக்க வேண்டும்), மேட்டைச் சமன் செய்து, துளை வாயில் லேசாகச் சரிவு போட்டார். ஒரு மரை அகலம் போதும் அந்தச் சரிவு.

வீட்டுக்கு வந்து மீதி வேலை என் வேலை. பழைய நானாக இருந்தால் அன்றே மாட்டியிருப்பேன். இரண்டு நாள் சுத்தம் மட்டும் செய்தேன். டேப் (மரை வெட்டும் கருவி) வைத்து மரையைச் சுத்தம் செய்வது நல்லதுதான், ஆனால் புதிதாக வெட்டுவது மாதிரி அழுத்தக்கூடாது, அது இருக்கிற இரும்பையும் சீவிவிடும். அப்புறம் துளைக்குள் தேங்கிய ஆயில், தண்ணீர். அடி மூடிய துளையில் திரவம் இருக்கும்போது ஸ்டட்டை இறுக்கினால் திரவம் சுருங்காது, போக இடமில்லாமல் வார்ப்பிரும்பையே பிளக்கும். கம்ப்ரசர் காற்று அடித்து, காது குடையும் பஞ்சு விட்டு, உலர்ந்து வரும்வரை. கண்ணாடி போட்டுக்கொண்டு காற்று அடியுங்கள், எனக்கு ஒரு கண் முழுக்க பழைய கூலன்ட்.

ஸ்டட்டைப் பிளாக்கில் இறுக்கக்கூடாது என்பதும் எனக்கு அதுவரை தெரியாது. விரலால் முழுக்க இறக்கி, லேசாகப் பதிந்தால் போதும். அடியில் முட்டுகிற மாதிரி பலமாக இறுக்கினால் நட்டு இழுக்கத் தொடங்கும் முன்பே கீழ் மரைக்கு பாரம் ஏறிவிடும். ஸ்டட்டின் மகிமையே அதுதானே, கழற்றி மாட்டும் தேய்மானமெல்லாம் மேலே நட்டோடு போய்விட வேண்டும், பிளாக்கின் மரை நிம்மதியாகக் கிடக்க வேண்டும்.

வாஷரை யாரும் கண்டுகொள்வதில்லை. என் பழைய வாஷர்கள் நடுவில் குழிந்து, நட்டின் அச்சு பதிந்து கிடந்தன. கடையில் கேட்டால் கிடைக்கும் சாதா வாஷர் மெத்து, நட்டு அதில் புதைந்துகொண்டே போகும், அளவு நம்ப முடியாது. கடினப்படுத்திய தடி வாஷர் தேடி வாங்கினேன், பதினொன்றும் ஒரே மாதிரி. மரையிலும் நட்டின் அடிமுகத்திலும் எஞ்சின் ஆயில் ஒரு துளி விரலால் தடவினேன், எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில், ஒரே அளவு. கிரீஸும் மாலி பேஸ்ட்டும் பூசிவிட்டு அதே 50 வைத்தால் உரசல் குறைந்து ஸ்டட் அளவுக்கு மேல் நீண்டுவிடும். காய்ந்த மரையில் அதே 50 குறைவாகப் பிடிக்கும். எண் ஒன்றுதான், பிடி வேறு.

ரெஞ்சையே நம்பலாமா என்று ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. அதற்கு வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. சதுர முனையை வைஸில் பிடித்து ரெஞ்சைத் தரைக்குப் படுக்கையாக வைத்தேன். முனையின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடுக்கோடு என் ரெஞ்சில் 40 செ.மீ. அங்கே கயிற்றில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அம்மாவின் அரிசியைப் படிப்படியாக அளந்து போட்டேன். 68 நியூட்டன் மீட்டருக்கு 0.4 மீட்டரில் 17.3 கிலோ வர வேண்டும், ரெஞ்சின் சொந்த எடையே இரண்டு நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுவதால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கழித்துக்கொள்ளலாம். வாளியோடு சேர்த்து 17.1ல் 'டக்' வந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்றும் 16.8க்கும் 17.2க்கும் நடுவே. லேப் சர்டிபிகேட் இல்லைதான், ஆனால் ஹெட் நட்டுக்கு இது தாராளம். அரிசியில் கிரீஸ் வாசம் வந்ததைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு இங்கே வேண்டாம்.

மாட்டும் நாள் அமைதியாகப் போனது. 20, 35, 50 பவுண்டு அடி என்று மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் நடுவிலிருந்து வெளியே அதே வரிசை. கைப்பிடியின் நடுவைப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக, 'டக்' வந்ததும் நிறுத்தம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவது 'டக்' வைப்பது நம் எல்லோருக்கும் வரும் ஆசை, ஒவ்வொரு தடவையும் நட்டு கொஞ்சம் கூடத் திரும்பும். ஏழாவது நட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இழுத்தேன். கால் சுற்றுக்குள் வந்தது.

பி சீரிஸில் ஒரு விசேஷம், இது தெரியாமல் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 11 நட்டில் நான்கு, ராக்கர் ஷாஃப்ட்டின் (வால்வுகளைத் தட்டித் திறக்கும் கைகள் மாட்டிய தண்டு) தாங்கிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ராக்கரை மட்டும் கழற்றலாம் என்று அந்த நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட்டின் ஒரு பக்கப் பிடி போய்விடும், மறுபக்கம் இறுகியே இருக்கும், ஹெட் கோணிக்கொள்ளும், தண்ணீர் கேஸ்கெட் வழியாக உள்ளே இறங்கும். ராக்கருக்காக என்றாலும் தண்ணீரை வடித்துவிட்டு, 11ஐயும் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் கழற்ற வேண்டும். ராக்கரின் சின்ன நட்டுகளுக்கு 25தான், அதிலும் 50 வைத்துவிடாதீர்கள்.

500 கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் ஆறிய காலையில் மறுபடி இறுக்கினேன். செம்புத் தகடு வகை கேஸ்கெட் அமுங்கி உட்காரும், அதனால் இது தேவை. மறுஇறுக்கம் தேவையில்லை என்று பெட்டியிலேயே எழுதி வரும் புதுவகை கேஸ்கெட் என்றால் விட்டுவிடலாம். நின்ற நட்டின் மேல் ரெஞ்சை வைத்து நேரே இழுத்தால் ஒட்டிய உரசலை மீறும் முன்பே 'டக்' சொல்லி ஏமாற்றும். ஒவ்வொன்றாக, அதே வரிசையில், கால் சுற்று தளர்த்தி, திரும்ப 68க்கு இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தக் கூடாது. நான்கைந்து நட்டு முன்பு நின்ற சாக்பீஸ் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றன. ஹெட் இறங்கியதால் டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் சந்து) குறைந்திருக்கும், அதையும் அன்றே ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்தேன்.

வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்தபட்ச எண்ணுக்கு, என்னுடையதில் 28க்கு, இறக்கி வைக்கிறேன். இறுக்கமாகவே விட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிடும், அளவுகோலுக்கும் கீழே கழற்றிவிட்டாலும் உள்ளே பாகங்கள் நகர்ந்துவிடலாம்.

அப்புறம் குன்னூர் போனோம். பர்லியாறில் டீ குடித்தோம், மேலே போய் இன்னொன்று. இறங்கும்போது அப்பா, "இந்த தடவை யாரு இறுக்குனா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர் வீல் நட்டு கழலவில்லை, உங்களிடம் நீளமாக ஒரு ரெஞ்ச் இருக்கிறதாமே, ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க என்று வந்து நின்றார். நட்டு கழற்றுவதற்கு டார்க் ரெஞ்சா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே போய் நாலு அடி ஜிஐ பைப் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தேன்.